ஃப்ளோட்டில் கட்டிய செங்கல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆம்பூரிலிருந்து அக்கா மகள். எடுத்ததுமே அழுகை.

"சித்தி, எனக்குக் கேன்சர் மாத்திர எழுதிக் குடுத்துட்டாங்க சித்தி."

எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்துப்போனது. பிறகு கேட்கக் கேட்கத்தான் விஷயம் பிடிபட்டது. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். மாதவிலக்கு 45 நாளுக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் எழுதி, இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் போடச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை சும்மா இருக்காமல் மாத்திரைப் பெயரைப் போனில் தட்டிப் பார்க்க, மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்று வந்து நின்றிருக்கிறது. மாமியார் காதில் விழக்கூடாதென்று மொட்டை மாடியில் நின்று பேசுகிறாள். பின்னால் பைபாஸ் லாரிச் சத்தம்.

"கேன்சர் மாத்திரைதான், நிஜம்தான்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சே இல்லை. "ஆனா உனக்குக் கேன்சர் இல்ல கண்ணு. போன வைக்காத, சொல்றேன்."

அன்று ராத்திரி முக்கால் மணி நேரம் பேசினோம். அவளிடம் சொன்னதையும், சொல்ல வாய் வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்தவள். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பிட்யூட்டரி, சினைப்பை, ஈஸ்ட்ரோஜன் எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுக் கரும்பலகையில் வரைந்தவள். இனப்பெருக்கப் பாடம் வந்தால் மட்டும், "இது ஈஸிதான், வீட்ல படிச்சுக்குங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவியவளும் நான்தான். 2012-இல் எனக்கே மாத்திரை எழுதப்பட்டபோது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் அதைக் குழந்தை மாத்திரை என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன். ஆறு மாதம் அந்தப் பெயரால் வீணாய்ப்போனது.

பிறந்த ஊர் குடியாத்தம். 2009-இல் காட்பாடியில் வாழ்க்கைப்பட்டேன். கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. முதல் வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் தெருவே கேட்டது. "இன்னாம்மா, எதுனா விசேஷமா?" என்பது நாசூக்கு. "வயித்துல ஒரு பூச்சி புழு தங்கலியா?" என்பது நேரடி. மலைவேம்புச் சாறு குடித்தேன், கழற்சிக்காய் மென்றேன். மாதவிலக்கு 50 நாளுக்கு ஒருமுறை, 70 நாளுக்கு ஒருமுறை வரும். நாள் தள்ளும்போதெல்லாம் அத்தை முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், வந்ததும் அணைந்துவிடும். அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதற்குப் பயந்தே தூரமானதை இரண்டு நாள் மறைத்ததுண்டு.

2011 கார்த்திகையில் அத்தை என்னை விரிஞ்சிபுரம் கூட்டிக்கொண்டு போனார். வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கார்த்திகைக் கடைசி ஞாயிறு, கடை ஞாயிறு. பிள்ளையில்லாத பெண்கள் நடுநிசியில் சிம்ம தீர்த்தத்தில் முழுகி, ஈரப்புடவையோடு கோயிலுக்குள்ளேயே படுத்துத் தூங்குவார்கள். கனவில் சாமி பூவோ பழமோ கொடுத்தால் பிள்ளை நிச்சயம். பாலாற்றங்கரைக் குளிர். என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கில் பெண்கள், எல்லார் பல்லும் தந்தியடிக்கிறது. தூக்கம் எங்கே வரும்? விடியற்காலையில் லேசாகக் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. வந்தது முள்ளு கத்திரிக்காய். எங்கள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், காம்பெல்லாம் முள்ளோடு, ஒரு கூடை நிறைய.

அத்தையிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "கத்திரிக்கா பழத்துல சேத்தியாடி?"

"தாவரவியல்படி அது கனிதான் அத்தை."

அவர் முகம் தெளிந்தது. நான் படித்த படிப்பு அந்த வீட்டில் முதன்முதலாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். நான் இதைக் கேலியாக எழுதவில்லை. அன்று என் பக்கத்தில் படுத்திருந்த பெண் எட்டாவது வருஷமாக வருவதாகச் சொன்னார். அந்த ஒரு ராத்திரியில் மட்டும்தான் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாசி மாதம் ஊருக்குள் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போனோம். ஸ்கேன், தைராய்டு, ப்ரோலாக்டின், சர்க்கரை எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் எனக்கு. ஃபைல் மேல் என் பெயர் மட்டும். குளோமிஃபீன் 50 மில்லிகிராம், இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள். "போடுங்க, பாக்கலாம்." பேச்சு அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் விடுபட்ட ஒரு கேள்வியைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது சுற்று வரும்போது கத்திரி வெயில். குளோமிஃபீன் போட்டால் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், கழுத்துக்கு மேல் வேர்த்துக் கொட்டும். வேலூரில் மே மாதம் யாருக்குத்தான் கொதிக்காது? மாத்திரைச் சூடு எது, ஊர்ச் சூடு எது என்று பிரிக்கவே முடியவில்லை. பால் பொங்கி வழிந்ததற்காக ஒருநாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன். அதுவும் மாத்திரையின் வேலை என்று அப்போது தெரியாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் பூச்சி பறப்பதுபோல வெளிச்சம் வெட்டுவது சிலருக்கு உண்டு. அது வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வெயிலென்றுதான் நினைத்திருப்பேன்.

அன்று ராத்திரி கணவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உள்ள போயி இன்னாதான் பண்ணுது?" என்றார். அழுத எரிச்சலில் என் பழைய கல்லூரிப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, இது ஃப்ளோட் சுவிட்ச்சு" என்றார்.

அவர் சொன்ன கணக்கைத்தான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஃப்ளோட் இறங்கும், மோட்டார் ஓடும். தண்ணீர் ஏறினால் ஃப்ளோட் மேலே வரும், மோட்டார் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் தண்ணீர். மூளையில் ஹைபோதலாமஸ் என்றொரு இடம் ஃப்ளோட். அது தண்ணீர் குறைந்ததைப் பார்த்தால் 60, 90 நிமிடத்துக்கு ஒருமுறை பிட்யூட்டரி என்ற சுரப்பிக்குத் தட்டிச் சொல்கிறது. பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை விடுகிறது. அதுதான் மோட்டார் ஓட்டம். அது சினைப்பைக்குப் போய், அங்கே காத்திருக்கும் குட்டிக் குட்டி நுண்பைகளை வளர்க்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. நுண்பை வளர வளர ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, தொட்டி நிறைகிறது, எஃப்எஸ்ஹெச் குறைகிறது. குறைந்த எஃப்எஸ்ஹெச்சிலும் தாக்குப்பிடிக்கிற ஒன்றே ஒன்று மேலே வருகிறது. மற்றவை வாடிவிடுகின்றன.

என்னைப் போல நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு என்ன கோளாறு? குட்டி நுண்பைகள் பத்து, இருபது ஒரே அளவில் அரைகுறையாக நின்றுவிடுகின்றன. எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கின்றன. இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடுதலாக இருப்பது நிலைமையை இன்னும் கெடுக்கிறது. தொட்டி எப்போதும் பாதி நிறைந்தே இருப்பதால் ஃப்ளோட் முழுசாக இறங்குவதே இல்லை. மோட்டார் உறுமுகிறதே தவிர, வேகம் பிடிப்பதில்லை.

குளோமிஃபீன் செய்வது, ஃப்ளோட்டில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவது. ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளை எட்டிப் பார்த்து, ஐயோ தண்ணீரே இல்லையே என்று நினைத்துக்கொள்கிறது. பிட்யூட்டரியை விரட்டுகிறது. எஃப்எஸ்ஹெச் ஏறுகிறது. ஒரு நுண்பை தலைதூக்குகிறது. மாத்திரையின் முக்கிய வேலை சினைப்பையில் நடப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அது ஏமாற்றுவது மூளையை.

இந்த மருந்தின் கதையும் ஒரு தமாஷ்தான். 1956-இல் அமெரிக்காவில் சின்சினாட்டியில் மெர்ரல் கம்பெனியில் ஃபிராங்க் பலோபோலி என்ற வேதியியலாளர் அதை உருவாக்கினார். எலிகளுக்குக் கொடுத்தபோது கருத்தரிப்பு நின்றுபோனது. கருத்தடை மாத்திரை ஆகுமோ என்று பார்த்தார்கள். பெண்களுக்குக் கொடுத்தபோது நேர்மாறாக நடந்தது. முட்டை வராதவர்களுக்கு முட்டை வந்தது. 1961-இல் ராபர்ட் கிரீன்பிளாட் அதை மருத்துவ இதழில் எழுதினார். 1967-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

செங்கல்லில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்தினாலும் அது சீக்கிரம் கழன்று விழுவதில்லை. அந்த மருந்தின் ஒரு பகுதி உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் சில சமயம் இரண்டு நுண்பைகள் சேர்ந்து வளர்ந்துவிடுகின்றன. கருத்தரிப்பவர்களில் 100-க்கு 5 முதல் 8 பேருக்கு இரட்டை. மூளையில் ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது கருப்பையின் உள்சவ்விலும் பிடித்துக்கொள்கிறது. சவ்வு தடிக்காமல் போகலாம். எனக்கு மூன்றாம் சுற்றில் முட்டை அழகாக வளர்ந்திருந்தது, சவ்வு 5.5 மில்லிமீட்டரில் நின்றுவிட்டது. விதை இருக்கிறது, நாற்றங்காலில் சேறு இல்லை.

லெட்ரோசோல் வேறு வழியில் போகிறது. அது ஃப்ளோட்டைத் தொடாது. தொட்டிக்கு வரும் குழாயையே கொஞ்சம் மூடிவிடும். உடம்பில் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்க அரோமடேஸ் என்ற நொதி வேண்டும். லெட்ரோசோல் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. தண்ணீர் நிஜமாகவே குறைகிறது, ஃப்ளோட் நிஜமாகவே இறங்குகிறது, மோட்டார் ஓடுகிறது. பாதி மருந்து உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய 2 நாள்தான். மாத்திரை நின்றதும் குழாய் திறக்கிறது, நுண்பை வளர்ந்து தொட்டியை நிறைக்கிறது, ஃப்ளோட் ஏறி மோட்டார் நேரத்தோடு நிற்கிறது. அதனால் பெரும்பாலும் ஒரே முட்டை. சவ்வுக்கும் இடைஞ்சல் குறைவு.

ஆம்பூர்ப் பெண்ணின் கேன்சர் பயத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றில் ஒருவகை, ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்வது. அதற்குத் தீனி கிடைக்காமல் செய்யத்தான் 1990-களில் லெட்ரோசோல் வந்தது. அவர்கள் வருஷக்கணக்கில் தினமும் போடுகிறார்கள். அதே குழாயை ஐந்தே நாள் மூடித் திறந்தால் முட்டை வளருமே என்று யோசித்தவர்கள் டொராண்டோவில் இருந்த மித்வாலியும் காஸ்பரும். 2001-இல் அதை வெளியிட்டார்கள். "ஒரே மாத்திர ரெண்டு வேலையா சித்தி?" என்றாள். ஏன், மஞ்சள் குழம்புக்கும் போகிறது, புண்ணுக்கும் போகிறது.

இந்த மோட்டார் உவமை ஒரு இடத்தில் கையை விரித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் நன்றாக ஏறி, அந்த உயரத்திலேயே இரண்டு நாள்போல நின்றுவிட்டால் மூளை கட்சி மாறிவிடுகிறது. நிறுத்து என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஈஸ்ட்ரோஜன் இப்போது ஓட்டு என்கிறது. எல்ஹெச் என்ற இன்னொரு ஹார்மோன் அணை உடைந்ததுபோலப் பாய்கிறது. அது பாய ஆரம்பித்து 34 முதல் 36 மணி நேரத்தில் நுண்பை உடைந்து முட்டை வெளியே வருகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில், முட்டை வெடித்தது. இதற்கு எந்த மோட்டாரிலும் உதாரணம் இல்லை என்று கணவரே ஒப்புக்கொண்டார்.

வெடித்ததா என்று பார்ப்பது ஃபாலிக்குலர் ஸ்டடி. ஒன்பதாம் நாள், பதினொன்று, பதின்மூன்று என்று ஸ்கேன் சென்டருக்கு நடை. பள்ளியில் பெர்மிஷன் கேட்டுக் கேட்டு வாய் தேய்ந்தது. "பல் டாக்டர்கிட்ட போறேன் சார்" என்பேன். அந்த வருஷம் நான் சொன்ன கணக்குப்படி எனக்கு நாற்பது பல் இருந்திருக்க வேண்டும். ஸ்கேன் சென்டர் சுவரில் சட்டப்படி மாட்டிய போர்டு: இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்படாது. ஆணா பெண்ணா என்பது இருக்கட்டும், கருவே இல்லாமல் அந்த போர்டின் கீழே ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

வேலூரில் எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு வங்காளக் குடும்பம் இருக்கும். ஒருநாள் என் வயதுப் பெண் ஒருத்தி. எனக்கு வங்காளி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே போய்விட்டு வந்தவள் இரண்டு கை விரலையும் விரித்து, பிறகு எட்டு விரல் காட்டிச் சிரித்தாள். 18 மில்லிமீட்டர். நான் உள்ளே போய்விட்டு வந்து பத்தும் நான்கும் காட்டினேன். உதட்டைப் பிதுக்கி, கையால் காற்றை மேலே மேலே தள்ளிக் காட்டினாள். வளரும், வளரும். அவளும் நானும் மட்டும்தான் அந்த அறையில் அன்று மில்லிமீட்டரில் பேசிக்கொண்டோம். நுண்பை 18, 20 தொட்டால்தான் பழுத்தது என்று அர்த்தம்.

எனக்கும் பழுத்தது. ஆறு சுற்றில் ஐந்து சுற்று வெடித்தது. சவ்வு மெலிந்தது அந்த ஒரு தடவைதான். குளோமிஃபீன் போடுகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு முட்டை வெடிக்கும் என்பதால் அதிசயமில்லை. முட்டை வெடித்ததைக் கேட்டு அத்தை ஐந்து முறை பால் பாயசம் வைத்தார். ஐந்து முறையும் எனக்குத் தூரம் வந்தது. "மாத்திர வேல செய்யல" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மாத்திரை அதன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்திருந்தது. அதன் வேலை முட்டையை வெளியே கொண்டுவருவது. அதோடு சரி. முட்டை 12 முதல் 24 மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் கருக்குழாயில் ஒரு விந்தணு அதைச் சந்திக்க வேண்டும். அதற்குக் குழாய் திறந்திருக்க வேண்டும். முக்கியமாக, விந்தணு இருக்க வேண்டும்.

விடுபட்ட கேள்வி அதுதான். ஆறு மாதம் யாரும் என் கணவரிடம் ஒரு டெஸ்ட் கொடுத்துவிட்டு வரச் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு கப்பில் மாதிரி, நாலைந்து நாள் சேர்க்கையில்லாமல் இருந்து கொடுத்தால் முடிந்தது. என்னைக் குத்தாத ஊசியில்லை, பார்க்காத ஸ்கேன் இல்லை. ஆறாவது மாதம் வேறொரு டாக்டரிடம் போனோம். என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே போனவர் கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்து, "இவரோடது எங்க?" என்றார். கணவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், எதையோ மறந்து வந்துவிட்டவர்போல.

ஒரு மில்லிலிட்டரில் ஒன்றரைக் கோடி இருக்க வேண்டும் என்பது அப்போது உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த கீழெல்லை. அவருக்கு 60 லட்சம்.

வீடு அமைதியாகிவிட்டது. என்னிடம் இத்தனை நாள் கேட்ட கேள்விகளில் ஒன்றையாவது அவரிடம் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மலடன் என்று அகராதியில் ஒரு சொல் இருக்கிறது. எங்கள் தெருவில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேலூரில் பிறந்து வளர்ந்த எல்லோரும் ஐடா ஸ்கடர் கதையைக் கேட்டிருப்போம். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள், பிரசவத்தில் துடிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் என்பதால் வேண்டாமென்று மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து, வேலூரில் ஆஸ்பத்திரியும், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மனைவியைக் காட்ட இப்போது யாரும் தயங்குவதில்லை, வரிசையில் நிற்க இடமில்லை. தன்னைக் காட்டத்தான் தயக்கம்.

என் கணவர் அதில் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் பேசவில்லை, நாலாம் நாள் சிகிச்சைக்கு வந்தார். அவருடைய விந்தணுவைக் கழுவிப் பிரித்து மெல்லிய குழாயால் கருப்பைக்குள் வைக்கும் ஐயூஐ மூன்று முறை செய்தோம். கூடவே எனக்கு அதே குளோமிஃபீன், அதே ஐந்து நாள். மூன்றாவதில் நின்றது. 2014 தை மாதம் மகன் பிறந்தான். கத்திரிக்காய்க் கனவு பலித்தது என்று அத்தை இன்றும் சொல்கிறார். அவனோ கத்திரிக்காயைத் தொட மாட்டான்.

எனக்கு அன்று ஏன் லெட்ரோசோல் கொடுக்கவில்லை? கொடுத்திருக்க முடியாது. 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மைச் சிகிச்சைக்கு அதைத் தடை செய்துவிட்டது. கருவுக்குக் கேடு வருமோ என்ற பயம். 2005-இல் ஒரு மாநாட்டில் 150 குழந்தைகளை வைத்து அப்படியொரு சந்தேகம் கிளப்பப்பட்டது. அடுத்த வருஷமே 911 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு வந்தது. பிறவிக் குறை லெட்ரோசோல் தாய்மார்களின் குழந்தைகளில் 2.4 சதவீதம், குளோமிஃபீனில் 4.8 சதவீதம். பயப்பட்டதற்கு நேர்மாறு. இருந்தும் தடை வந்தது, 2017-இல்தான் போனது. என்னுடைய ஆறு மாதமும் அந்தத் தடைக்குள் அடக்கம். அதற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை. என் விஷயத்தில் எந்த மாத்திரையாக இருந்தாலும் 60 லட்சம் 60 லட்சமாகவேதான் இருந்திருக்கும்.

அக்கா மகளின் அடுத்த கேள்வி கருவுக்குக் கேடு வருமோ என்ற அந்தப் பயத்தைப் பற்றித்தான். "பாப்பாவுக்கு எதுனா ஆயிட்டா?" நாள் கணக்கைப் போட்டுக் காட்டினேன். இரண்டாம் நாள் தொடங்கி ஆறாம் நாள் மாத்திரை முடிகிறது. முட்டை வெடிப்பது பதினாலு, பதினைந்தாம் நாள்வாக்கில். கரு வந்து ஒட்டிக்கொள்வது அதற்கும் ஒரு வாரம் கழித்து. அதற்குள் மருந்து உடம்பைவிட்டுக் கிட்டத்தட்ட முழுசாகப் போயிருக்கும். வயிற்றில் கரு இருக்கும்போது போடக்கூடாத மருந்துதான் அது. அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள்.

"அப்ப இதுல கண்டிப்பா நிக்குமா சித்தி?"

இங்கேதான் நான் நிதானமாகப் பேசினேன். 2014-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், அவளைப் போன்ற கோளாறு உள்ள 750 பெண்களுக்கு ஐந்து சுற்றுவரை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோல் போட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் கையில் குழந்தை. குளோமிஃபீனில் 19.1. அதன் பிறகுதான் லெட்ரோசோல் முதல் மருந்தானது. ஆனால் நன்றாக வேலை செய்த மருந்திலும், குழந்தை கிடைத்தது நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல்தான். ஒரு கோளாறும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கிடைக்கிற வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். இதைச் சொன்னால் அவள் உடைந்துபோவாளோ என்று பயந்தேன். மாறாக, "அப்ப ஒரு மாசம் நிக்கலன்னா என் தப்பு இல்ல?" என்றாள். இல்லை என்றேன். நான் மறுபடி இல்லை என்றேன்.

அவளுக்கு வேறு சில பயங்களும் இருந்தன. மாத்திரை போட்டால் முட்டையெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தீராது. வயசுக்கு வரும்போது ஒரு பெண்ணிடம் மூன்று, நான்கு லட்சம் முட்டை இருக்கும், ஆயுசுக்கும் வெடிப்பது ஐந்நூறுகூட இல்லை. மிச்சமெல்லாம் மாதாமாதம் தானாக வாடுகிறவை. வாடப்போகும் கூட்டத்திலிருந்து ஒன்றைத் தூக்கிவிடுவதுதான் மாத்திரை. நீர்க்கட்டி என்ற பெயரே எனக்குப் பிடிக்காது. அது கட்டி இல்லை, அறுத்தெடுக்க ஒன்றுமில்லை. பாதி வளர்ந்து நின்றுபோன நுண்பைகள். கட்டி என்றதும் எத்தனை தாய்மார் அலறிப்போகிறார்கள்.

மாத்திரைக்குப் படியாத உடம்பும் உண்டு. மோட்டார் பாஷையில் சொன்னால், போரே வறண்டிருந்தால் மோட்டாரை எவ்வளவு ஓட்டினாலும் தண்ணீர் வராது. முட்டை இருப்பு தீர்ந்து எஃப்எஸ்ஹெச் ஏற்கெனவே உச்சத்தில் இருப்பவர்களுக்கு இது உதவாது. கருக்குழாய் அடைத்திருந்தாலும் உதவாது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு நடுக்கம். இரட்டைக் குழந்தை வேண்டுமென்று வாங்குகிறவர்கள்கூட இருக்கிறார்கள். எத்தனை நுண்பை வளர்கிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் போடுவது, தொட்டியைப் பார்க்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான்.

கடைசியாகக் கேட்டேன், "மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

மொட்டை மாடியில் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

இதை நான் அவரிடம் எப்படிப் பேசுவது? சித்தி மாமியார் பேசுகிற விஷயமா அது? கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்பூருக்கு வண்டியை எடுத்தார். அவர்கள் வீட்டு மோட்டார் சத்தம் போடுகிறது, பார்க்க வேண்டும் என்று சாக்கு. மாடியில் மாப்பிள்ளையும் அவரும் இரண்டு மணி நேரம் இருந்தார்களாம். கீழே வந்து எண்ணெய் கத்திரிக்காயோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். "இன்னா பேசினீங்க?" என்று கேட்டதற்கு, "பேரிங் போயிருந்துச்சு, மாத்திட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போன். குரலில் சிரிப்பு. ஐந்து மாத்திரையும் போட்டு முடித்துவிட்டாளாம். மாப்பிள்ளை புதன்கிழமையே தானாகப் போய் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாலு கோடி.

"அந்த ரிப்போர்ட்ட மடிச்சு சட்டப் பைலயே வச்சிகினு திரியறாரு சித்தி. நேத்து ஃபிரெண்டு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு, அவருகிட்ட எடுத்துக் காட்டிகினு இருக்காரு. எனக்கு மானமே போச்சு."

அவளுக்கு முதல் ஸ்கேன் திங்கட்கிழமை.